முதல் டி.ஜே. மிக்சர்: உங்கள் காசு எந்தப் பாகத்துக்குப் போகிறது?

பல கருவிகளிலிருந்து வரும் பாட்டை ஒன்றாகக் கலந்து தரும் பெட்டிதான் மிக்சர். நான் வாங்கிய முதல் மிக்சரில், பாட்டின் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பட்டன்கள் வரிசை கட்டி நின்றன. எதிரொலி, ஃபிளாஞ்சர், ரோல் என்று ஒன்றுவிடாமல் இருந்தன. எட்டாவது மாதம், ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குறுக்குத் தள்ளியான கிராஸ்ஃபேடர் கரகரக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு, ஹெட்போன் ஒயரைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்தால்தான் இடது காதில் பாட்டு கேட்டது. பழுது பார்ப்பவர் மேல்தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினார். ஹெட்போன் சொருகும் ஜாக், வெளித்தகட்டோடு எந்தப் பிடிமானமும் இல்லாமல், சர்க்யூட் போர்டில் வைத்த சால்டரை மட்டும் நம்பி நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை சொருகும்போதும் அந்த சால்டர் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டிருக்கிறது. கிராஸ்ஃபேடரும் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருந்தது, தனியாகக் கழற்றி மாற்ற வழியில்லை. அவர் சொன்ன கூலி, மிக்சர் வாங்கிய விலையைத் தொட்டது.

அன்றிலிருந்து எந்த மிக்சரைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்விகளில்தான் தொடங்குகிறேன். இதில் முதலில் தேயப்போவது எது? தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா? புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் விலைப்பட்டியலையும் வசதிப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்புகிறார்கள். அந்த இரண்டு பட்டியலிலும் இல்லாத விஷயம்தான் கட்டுமானம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த இடத்தில் காசைத் தாராளமாக விடலாம், எந்த இடத்தில் பிடித்து வைக்கலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்களுக்குத் தனி மிக்சர் வேண்டுமா?

கடைக்குப் போவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். கணினியோடு இணைத்து வாசிக்கும் கண்ட்ரோலர் ஏற்கெனவே கையில் இருந்தால், அதன் நடுப்பகுதியே மிக்சர்தான். இன்னொன்று வாங்கி அதன்மேல் அடுக்குவதில் லாபமில்லை. தனி மிக்சர் தேவைப்படுவது, தனித்தனிக் கருவிகளை ஒன்றுசேர்க்க வேண்டியவர்களுக்கு. இரண்டு டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி), அல்லது இரண்டு மீடியா பிளேயர், அல்லது டர்ன்டேபிளோடு ஒரு டிரம் மெஷின் என்று வைத்திருப்பவர்கள் இவர்கள்.

ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் ஓடும்? அதில் எத்தனை வினைல் (இசைத்தட்டு)? ஸ்கிராட்ச் (தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புவது) செய்யப்போகிறீர்களா, அல்லது ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு நிதானமாகக் கடந்துபோகும் ஆளா?

ஸ்கிராட்ச் என்றால் இரண்டு சேனல் (ஒரு கருவிக்கு ஒரு பாதை) போதும். மேலும், கிராஸ்ஃபேடரைச் சுற்றிக் கை விளையாட இடம் இருக்கும் ஒடுக்கமான மிக்சர்தான் தோது. நீளமாக மிக்ஸ் செய்பவர்களுக்கு நான்கு சேனல் ஆசை வரும். தொடக்கத்தில் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளச் சொல்வேன். ஒரே விலையில் இரண்டு சேனல் மிக்சரும் நான்கு சேனல் மிக்சரும் இருந்தால், நான்கு சேனல் மிக்சரைச் செய்தவர் ஃபேடர்களையும் நாப்களையும் (திருப்பும் குமிழ்கள்) இரட்டிப்பாக வாங்கிப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தச் செலவை அவர் எங்கோ குறைத்துத்தான் ஆகவேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு பாகத்தின் தரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருப்பார்.

இரண்டாம் படி: பின்பக்கம்

மிக்சரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். முன்பக்கத்தைவிட அது நிறையச் சொல்லும்.

வினைல் வாசிப்பவர்களுக்கு ஃபோனோ இன்புட் கட்டாயம். டர்ன்டேபிள் ஊசியிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுள்ள மிக மெல்லிய சிக்னல். மீடியா பிளேயரிலிருந்து வரும் லைன் சிக்னல் அதைவிடப் பல பத்து மடங்கு பெரியது. அளவு மட்டும் பிரச்சினை இல்லை. இசைத்தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து, ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே வெட்டினால் பள்ளங்கள் அகலமாகித் தட்டில் பாட்டுக்கு இடம் போதாது. 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் துறை வகுத்த ஆர்ஐஏஏ என்ற அளவுகோல்தான் இதற்கு இன்றும் பொது விதி. ஃபோனோ இன்புட்டுக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஆம்ப், சிக்னலைப் பெருக்குவதோடு அந்தப் பேஸையும் ட்ரெபிளையும் பழைய நிலைக்குத் திருப்புகிறது. டர்ன்டேபிளை லைன் இன்புட்டில் மாட்டினால் ஒலி மெலிந்து, சல்லடையில் வடிந்த மாதிரிக் கேட்கும். பிளேயரை ஃபோனோவில் மாட்டினால் காது கிழியும்.

மலிவு மிக்சர்களில் முதலில் இளைப்பது இந்த ப்ரீஆம்ப்தான். சிக்னல் அவ்வளவு சிறியது என்பதால், அதில் ஒட்டும் சிறு இரைச்சலும் சேர்ந்து பெருகிவிடும். ஃபோனோ துளைகளுக்குப் பக்கத்தில் டர்ன்டேபிளின் எர்த் ஒயரைக் கட்டும் சிறு திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கட்டாவிட்டால் 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் தலை வைத்த திருகு இரண்டு முறை இறுக்கினால் மரை கழன்றுவிடும். உலோகமாக இருக்கட்டும்.

வெளியே அனுப்பும் பக்கத்தில், கூட்டத்துக்குப் போகும் மாஸ்டர் அவுட்புட்டுக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை உள்ள இணைப்பு) இருப்பது நல்லது. அதில் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் போகும். வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டுவதால், மறுமுனையில் கழித்துவிட முடிகிறது. நீளமான ஒயர் இழுக்கும் அரங்குகளில் இதன் அருமை தெரியும். வீட்டில் இரண்டடி தள்ளி ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு ஆர்சிஏ துளையே (வீட்டு ஆடியோ கருவிகளில் இருக்கும் சிறு வட்டத் துளை) போதும். மேடை ஏறும் எண்ணம் இருந்தால் பூத் அவுட்புட் தனி வால்யூம் நாபோடு இருக்கட்டும். கூட்டத்துக்குப் போகும் ஒலியைத் தொடாமல் உங்கள் பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் ஏற்றி இறக்க முடியும்.

இப்போது துளைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஆர்சிஏ துளை ஒவ்வொன்றும் பின்தகட்டோடு நட்டு அல்லது திருகு போட்டுப் பிடிக்கப்பட்டிருந்தால், ஒயர் இழுபடும் விசையைத் தகடு தாங்கும். கறுப்பு பிளாஸ்டிக் கட்டையில் நான்கு துளை சேர்ந்து, எந்தத் திருகும் இல்லாமல் ஓட்டை வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த விசை முழுவதும் போர்டுக்குப் போகும். மெதுவாக அசையுங்கள். ஆடினால் அந்த மிக்சர் உங்கள் காசைக் கேட்கத் தகுதியில்லாதது.

மூன்றாம் படி: ஃபேடர்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மிக்சரில் அதிகமாக அசைவது ஃபேடர், அதிகமாகத் தேய்வதும் அதுவே. விலை வித்தியாசத்தின் பெரும்பங்கு ஒளிந்திருப்பதும் இங்கேதான்.

சாதாரண ஃபேடர் உள்ளே ஒரு கார்பன் பட்டை இருக்கும். அதன்மேல் ஒரு மெல்லிய உலோக விரல் தேய்த்துக்கொண்டு ஓடும். விரல் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து மின்தடை மாறும், ஒலி ஏறும் இறங்கும். ஆயிரக்கணக்கான தடவை தேய்த்த பிறகு கார்பன் துகளாக உதிரும். அந்தத் துகளும் வெளித்தூசியும் விரலுக்கும் பட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்போது தொடர்பு அறுந்து அறுந்து சேரும். அதைத்தான் கரகரப்பாகக் கேட்கிறோம். கார்பனுக்குப் பதிலாக மின்கடத்தும் பிளாஸ்டிக் பட்டை போட்ட ஃபேடர்களும் உண்டு. பென்னி அண்ட் கைல்ஸ் என்ற பெயரைப் பழைய உயர்தர மிக்சர்களைப் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி பார்ப்பீர்கள். அவை வழுக்கிக்கொண்டு ஓடும், ஆயுளும் கூடுதல்.

அடுத்தது விசிஏ முறை, அதாவது மின்னழுத்தத்தால் ஒலியளவைக் கட்டுப்படுத்துவது. இதில் பாட்டு ஃபேடர் வழியாகப் போகவே போகாது. ஃபேடர் ஒரு சிறு மின்னழுத்தத்தை மட்டும் அனுப்பும். உள்ளே இருக்கும் சில்லு அதைப் பார்த்து ஒலியைத் திறக்கும், மூடும். ஃபேடர் தேய்ந்தாலும் அந்தத் தடங்கல் நேராகப் பாட்டில் விழாமல் வடிகட்டப்பட்டு வருகிறது. அதனால் கரகரப்பு தலைகாட்ட நாளாகும்.

மூன்றாவது, ஒன்றையொன்று தொடாமலே இயங்கும் ஃபேடர்கள். காந்தப்புலத்தை உணரும் வகை, ஒளியை மறைத்து உணரும் வகை, மின்தேக்க மாற்றத்தை உணரும் வகை என்று பல உண்டு. உரசுவதற்குப் பட்டையே இல்லாததால் அந்த இடத்தில் தேய்மானம் என்ற பேச்சே எழாது. ரேன் நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலேயே டிடிஎம் 56 மிக்சரில் காந்த ஃபேடரைக் கொண்டுவந்தது. ஸ்கிராட்ச் கலைஞர்கள் மத்தியில் அது பெரிய மாற்றம். இன்னோஃபேடர் என்ற பெயரில் தனியாக விற்கும் ஃபேடர் இன்னொரு நல்ல வழி. ஏற்கெனவே கையில் இருக்கும் பல மிக்சர்களில் பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தலாம்.

எது உங்களுக்கு? ஸ்கிராட்ச் செய்பவர் காசை முதலில் கொட்ட வேண்டிய இடம் கிராஸ்ஃபேடர்தான். தொடாத வகை கிடைக்குமானால் அதற்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாம். நிதானமாக மிக்ஸ் செய்பவர் கிராஸ்ஃபேடரைத் தொடவே மாட்டார், ஒவ்வொரு சேனலின் ஒலியளவை ஏற்றி இறக்கும் சேனல் ஃபேடர்களில்தான் அவர் விரல் இருக்கும். அவருக்கு விலையுயர்ந்த கிராஸ்ஃபேடர் வீண் செலவு. சேனல் ஃபேடர் நீளமாக, ஒரே சீரான இறுக்கத்தோடு இருப்பதே அவருக்கு முக்கியம்.

கடையில் ஃபேடரைச் சோதிப்பது எப்படி? முதலில் மின்சாரம் இல்லாமலே நகர்த்துங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இறுக்கம் மாறக்கூடாது. பிறகு தண்டைப் பிடித்து ஓட்டத்துக்குக் குறுக்காக லேசாக ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், தளதளவென்று ஆடினால் உள்ளே தாங்கும் தண்டு ஒன்றுதான், அதுவும் மெல்லியது. நல்ல ஃபேடர்களில் இரண்டு உலோகத் தண்டுகள் இணையாக ஓடும். அடுத்து பாட்டை ஓடவிட்டு, கிராஸ்ஃபேடரை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்துங்கள். ஒலி எத்தனை மில்லிமீட்டரில் திறக்கிறது? ஸ்கிராட்சுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் திறக்க வேண்டும். திறக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் நாப் இருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள்.

கடைசியாக விற்பவரிடம் ஒரு கேள்வி: இந்த மாடலுக்குக் கிராஸ்ஃபேடர் மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? மேல்தகட்டில் ஃபேடரைச் சுற்றி இரண்டோ நான்கோ திருகுகள் வெளியே தெரிந்தால் பயனரே மாற்றிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்க வாய்ப்பு அதிகம். கழற்றினால் ஒரு சிறு ஒயர்க் கொத்து, அதை உருவிவிட்டுப் புதியதைச் சொருகினால் வேலை முடிந்தது. இப்போது என்னிடம் இருக்கும் மிக்சரில் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.

நான்காம் படி: நாப், தகடு, மின்சாரம்

நாப்களைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். தரமான மிக்சரில் ஒவ்வொரு நாபின் தண்டும் மேல்தகட்டோடு நட்டு போட்டு இறுக்கப்பட்டிருக்கும், அதனால் கை தவறி இடித்தாலும் அதிர்ச்சி தகட்டோடு நின்றுவிடும். நாபின் பிளாஸ்டிக் தொப்பியை மெதுவாக உருவினால் அடியில் அந்த நட்டு தெரியும் (கடைக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்). நட்டு இல்லையென்றால் நாப் முழுக்க போர்டின் கால்களில் நிற்கிறது. பையில் வைத்து ஊர் ஊராகத் தூக்கிப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. மேசையைவிட்டு நகராத மிக்சருக்கு இதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன்.

எடையை வைத்துத் தரத்தைக் கணிப்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மை இருக்கிறது. தடித்த எஃகுத் தகடும் உள்ளே அமைந்த மின்மாற்றியும் கனக்கத்தான் செய்யும். ஆனால் கனம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பழங்கால மின்மாற்றி வைத்த மோசமான மிக்சரும் கனக்கும். அதற்குப் பதிலாக மேல்தகட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழிந்து மீண்டால் தகடு மெலிது.

மின்சாரம் எப்படி உள்ளே போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கணினிக்குப் போடும் அதே மூன்று முனை ஒயர் நேராக மிக்சருக்குள் போனால் நிம்மதி. அந்த ஒயர் தொலைந்தாலும் எந்த அரங்கிலும் இன்னொன்று கிடைக்கும். தனி அடாப்டரில் ஓடும் மிக்சருக்கு அந்த அடாப்டரே உயிர். அதன் மெல்லிய முனை தளர்ந்தால் நிகழ்ச்சி நடுவில் எல்லாம் அணைந்துவிடும். அடாப்டர் மிக்சர்தான் உங்கள் வசதிக்கு எட்டுகிறது என்றால் வாங்குங்கள், கூடவே அதே வோல்ட், அதே முனைவழி (உள்முனை பிளஸா மைனஸா என்பது), குறையாத ஆம்பியர் உள்ள இரண்டாவது அடாப்டரையும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: காதால் சோதிப்பது

உங்கள் ஹெட்போனையும், நுணுக்கமாகத் தெரிந்த ஒரு பாட்டையும் எடுத்துப் போங்கள்.

முதலில் எதையும் மாட்டாமல், சேனலைத் திறந்து வைத்து, ஹெட்போன் வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வந்ததும் 'ஸ்ஸ்' இரைச்சல் எவ்வளவு என்று கவனியுங்கள். பிறகு முதல் சேனலில் பாட்டை ஓடவிட்டு, கிராஸ்ஃபேடரை எதிர்ப்பக்கக் கோடிக்குத் தள்ளி, மாஸ்டர் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முழு அமைதி இருக்க வேண்டும். தூரத்து வீட்டு ரேடியோ மாதிரிப் பாட்டு மெலிதாகக் கசிந்தால், ஃபேடரோ உள்ளே சிக்னல் ஓடும் பாதையோ சரியில்லை. ஸ்கிராட்ச் செய்பவருக்கு அந்தக் கசிவு எரிச்சலூட்டும், ஒலிப்பதிவில் நன்றாகவே தெரியும்.

மூன்றாவது சோதனையை நான் எப்போதும் விடுவதில்லை. சேனல் ஃபேடரை அடியிலிருந்து மிக மெதுவாக ஏற்றுங்கள். குரல் நடுவிலேயே நிற்க வேண்டும். தொடக்கத்தில் இடது காதில் மட்டும் கேட்டு, பிறகு நடுவுக்கு வந்தால், ஃபேடருக்குள் இருக்கும் இரண்டு பட்டைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மலிவு ஃபேடரின் கைரேகை இது.

அடுத்து ஈக்யூ. பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் முழுக்கக் குறையுங்கள். சில மிக்சர்களில் பாட்டு அறவே அணைந்துபோகும், சிலவற்றில் ஒரு நிழல் மிச்சமிருக்கும். இரண்டும் குறையில்லை, வடிவமைப்பின் தேர்வு. பயனியர் டிஜேஎம் வரிசை மிக்சர்கள் சிலவற்றில் ஈக்யூ -26 டெசிபல்வரை மட்டும் குறையும். ஐசொலேட்டர் நிலைக்கு மாற்றினால் அந்தப் பகுதி முற்றாக அறுந்துவிடும். இரண்டு பாட்டின் பேஸைச் சட்டென மாற்றிப் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு முழுதாக அறுக்கும் வசதி பிடிக்கும். நாபை நேர் நடுவில் வைத்தால் ஒலி மாறாமல் இருக்கிறதா, அந்த நடுவில் ஒரு சிறு 'டிக்' விரலுக்குத் தெரிகிறதா என்பதே இங்கே தரத்தின் அடையாளம். இருட்டில் வேலை செய்யும்போது அந்த 'டிக்'தான் கண்.

கடைசியாக கெயினை (சேனலுக்குள் வரும் சிக்னலைக் கூட்டும் நாப்) ஏற்றி மீட்டரைச் சிவப்புக்கு விரட்டுங்கள். நல்ல மிக்சர் மஞ்சள் தாண்டியும் கொஞ்ச தூரம் தெளிவாகத் தாங்கும். மோசமானது பச்சையின் மேல்முனையிலேயே நசுங்க ஆரம்பிக்கும்.

எஃபெக்ட்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒரு நல்ல ஃபில்டரும் ஒரு எக்கோவும் போதும், தொடங்குகிறவர் முதல் ஓராண்டில் வேறெதையும் உருப்படியாகப் பயன்படுத்துவதில்லை.

விலையைத் தட்டு தட்டாகப் பிரித்துப் பார்ப்பது

சந்தையில் மிக்சர்கள் ஏறக்குறைய மூன்று தட்டுகளில் நிற்கின்றன. அடித்தட்டு விலையை ஒரு பங்கு என்று வைத்தால், நடுத்தட்டு மூன்று நான்கு பங்கு, மேல்தட்டு பத்துப் பங்குக்கும் மேலே போகும்.

அடித்தட்டிலிருந்து நடுத்தட்டுக்கு ஏறும்போது நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் கட்டுமானத்துக்குப் போகிறது: உலோக உடல், நட்டு போட்ட துளைகள், மாற்றக்கூடிய ஃபேடர், இரைச்சலில்லாத ப்ரீஆம்ப். பயனியரின் டிஜேஎம்-250எம்கே2, ஆலன் அண்ட் ஹீத் நிறுவனத்தின் ஸோன்:23 போன்றவை இங்கே வரும். முதலாவதில் கணினியோடு பேசும் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது. இரண்டாவது அனலாக், அதன் ஃபில்டருக்காகவே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சேனலிலும் ஃபோனோவையும் லைனையும் தனித்தனி அளவில் சேர்த்து ஓடவிடலாம் என்பது அதன் இன்னொரு சிறப்பு.

நடுத்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏறும்போது கதை வேறு. அங்கே கூடுதல் காசு, கூடுதல் சேனல், எஃபெக்ட், இரண்டு கணினி இணைப்பு, அரங்குகளில் இதுதான் இருக்கும் என்ற பழக்கம் ஆகியவற்றுக்கும் சேர்த்தே போகிறது. 2023-இல் வந்த டிஜேஎம்-ஏ9, அனலாக் வகையில் ஸோன்:96, ஸ்கிராட்சுக்கு ரேன் செவன்ட்டி ஆகியவை அருமையான கருவிகள். தினமும் அதில் பிழைப்பு நடத்துபவர் வாங்கட்டும். புதியவர் கடன் வாங்கி அங்கே ஏறுவதை நான் ஆதரிக்கவில்லை.

ஆக, புதியவருக்கு என் பரிந்துரை நடுத்தட்டின் கீழ்ப்படி. அதற்கும் கை எட்டவில்லையா? அடித்தட்டில் புதியது வாங்குவதைவிட நடுத்தட்டில் பழையது வாங்குங்கள். இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஒரு விலை ஒப்பீட்டை இப்படிச் செய்து பாருங்கள். மிக்சரின் விலையோடு ஒரு கிராஸ்ஃபேடரின் விலையைக் கூட்டுங்கள். எத்தனை ஆண்டு ஓடும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதால் வகுங்கள். ஃபேடர் மாற்ற முடியாத மலிவு மிக்சருக்கு அந்த ஆண்டுக் கணக்கு ஒன்றரையில் நிற்கலாம், மாற்ற முடிந்ததற்கு எட்டு பத்து என்று போகலாம். எட்டாத விலையாகத் தெரிந்தது, ஆண்டுக் கணக்கில் மலிவாக வந்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். 1970-களில் டிஸ்கோ அரங்குகளை ஆண்ட போசாக் ரோட்டரி மிக்சர்களை (ஃபேடருக்குப் பதில் சுழலும் நாப் வைத்தவை) இன்றும் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். எந்தப் பாகமும் கழற்றி மாட்டும்படி இருந்ததுதான் காரணம்.

டிஜிட்டல் மிக்சர் வாங்கும்போது மட்டும் இன்னொரு ஆயுளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்கு நிறுவனம் தனி டிரைவர் கொடுத்திருந்தால், கணினியின் இயங்குதளம் மாறும்போது அந்த டிரைவரும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஒருநாள் புதுப்பிப்பது நின்றுவிடும். ஃபேடர் நன்றாகவே இருக்கும், கணினி மட்டும் மிக்சரை அடையாளம் காணாது. அதனால் நிறுவனத்தின் பழைய மாடல்களுக்கு இப்போதும் டிரைவர் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டிரைவரே கேட்காமல் மாட்டியவுடன் வேலை செய்யும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. டிவிஎஸ் (இசைத்தட்டைச் சுழற்றிக் கணினியில் உள்ள பாட்டைக் கட்டுப்படுத்தும் முறை) வழியாக வினைல் வாசிக்கப்போகிறவர், செராட்டோ, டிராக்டர், ரெக்கார்ட்பாக்ஸ் ஆகிய மென்பொருள்களில் தான் பயன்படுத்துவதை அந்த மிக்சர் ஏற்கிறதா என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராமல் போவது சகஜம்.

பழையது வாங்கும்போது

மேலே சொன்ன எல்லாச் சோதனைகளோடு இன்னும் சில. அடிப்பக்கத் திருகுகளின் தலை மழுங்கியிருந்தால் பலமுறை திறந்திருக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள், பதில் தடுமாறுகிறதா என்று பாருங்கள். பட்டன்கள் அழுத்தினால் ஒட்டிக்கொண்டு மெதுவாக எழும்பினால் ஏதோ பானம் சிந்தியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், உள்ளே துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

விற்பதற்கு முந்தைய நாள் ஃபேடரில் கான்டாக்ட் கிளீனர் அடித்து வைப்பார்கள். பத்து நிமிடம் பட்டுப்போல் ஓடும், அதற்குப் பிறகு சாயம் வெளுக்கும். ஆகவே அரை மணி நேரமாவது ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபேடரையும் நூறு தடவை நகர்த்திப் பாருங்கள். எல்லா இன்புட்டையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், இரண்டு காதிலும் கேட்கிறதா என்று சரிபாருங்கள். மைக் துளையைக்கூட விடாதீர்கள். கிராஸ்ஃபேடர் மட்டும் தேய்ந்து, மற்றதெல்லாம் திடமாக இருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். புது ஃபேடர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அரங்கில் தினமும் ஓடியதைவிட, வீட்டில் துணி போர்த்தி வைத்திருந்தது பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

இயக்கும் வரிசையை முதல் நாளே கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள். மிக்சர் முதலில், ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில், மிக்சர் கடைசியில். மாற்றிச் செய்தால் 'டப்' என்று ஒரு அதிர்ச்சி ஸ்பீக்கரில் போய் விழும்.

வாசித்து முடித்ததும் ஒரு துணியோ பிளாஸ்டிக் மூடியோ போர்த்துங்கள். ஃபேடரின் பெரிய எதிரி தூசிதான். கரகரப்பு வந்தால் கதவு கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அதில் அடிக்கவே கூடாது. அது உள்ளே இருக்கும் நல்ல மசகைக் கரைத்து, தூசியை ஈர்க்கும் பிசினாக மாறிவிடும். ஃபேடருக்கென்று விற்கும் கிளீனரை மட்டும், அதுவும் மின்சாரத்தை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

புதிதாக வாங்கியதென்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மிக்சரை அதன் எல்லை வரை ஓட்டிப் பாருங்கள். ஒருநாள் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் ஓடவிட்டு, தகடு எவ்வளவு சூடாகிறது, சூடேறிய பிறகு இரைச்சல் கூடுகிறதா என்று கவனியுங்கள். உற்பத்திக் குறை இருந்தால் பெரும்பாலும் இந்த முதல் சில நாட்களிலேயே வெளியே வந்துவிடும். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த நுரைக் கட்டைகளையும் தூக்கி எறியாதீர்கள். வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் அதே பெட்டியில் போகும் மிக்சர்தான் வழியில் அடிபடாமல் போய்ச் சேரும். கிராஸ்ஃபேடர் தனியாகக் கிடைக்கும் மாடலாக இருந்தால், அதில் ஒன்றை இப்போதே வாங்கி அந்தப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். மாடல் நின்ற பிறகு தேடினால் கிடைக்காது.